டீசல் புகையில் ஆக்சிஜனை அளக்கும் பீங்கான்

பெட்ரோல் காரில் ஆக்சிஜன் சென்சார் செத்துப்போனால் வண்டியே காட்டிக்கொடுத்துவிடும். மைலேஜ் சரியும், ஐடிலில் குலுங்கும், புகையில் பெட்ரோல் வாடை அடிக்கும். டீசல் காரில் அதே சென்சார் செத்தால், பல வண்டிகள் ஒன்றுமே நடக்காததுபோல ஓடிக்கொண்டிருக்கும். டாஷ்போர்டில் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிவதோடு சரி.

இதைத் திருப்பிப் போட்டால் வொர்க்ஷாப்புக்குப் பயன்படும் ஒரு விதி கிடைக்கிறது. பிக்கப் விழுந்து, கரும்புகை கக்கிக்கொண்டு வரும் டீசல் காரில் ஸ்கேனர் ஆக்சிஜன் சென்சாரின் பெயரைச் சொன்னால், பழி பெரும்பாலும் வேறெங்கோ இருக்கிறது. அந்த நேரத்தில் "சென்சார் போயிடுச்சு சார், மாத்திரலாம்" என்று சொல்வது எளிது. பல ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புதுசு போட்ட பிறகு, ஒரு வாரத்தில் அதே விளக்கு அதே கோளாறு எண்ணோடு திரும்பி வரும்.

ஏன் இப்படி? பெட்ரோல் எஞ்சினுக்குள் காற்றும் எரிபொருளும் எடைக்கணக்கில் ஏறக்குறைய 14.7-க்கு 1 என்ற விகிதத்தில் போக வேண்டும். காற்று கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் பின்னாலிருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யாது. அதனால் அங்கே சென்சார் சொல்லச் சொல்ல, கம்ப்யூட்டர் நொடிக்கு நொடி எரிபொருளைக் கூட்டிக் குறைக்கிறது. 1976 இறுதியில் வால்வோ நிறுவனம் கலிஃபோர்னியாவுக்கு அனுப்பிய கார்களில் பாஷ் தயாரித்த சென்சாரைப் பொருத்தியது இந்த வேலைக்காகத்தான்.

டீசல் எஞ்சினின் போக்கு வேறு. காற்று தாராளமாக வரும். எத்தனை மில்லிகிராம் டீசலைத் தெளிக்கிறோம் என்பதுதான் சக்தியை நிர்ணயிக்கிறது. முழுதும் எரியத் தேவையான காற்று ஒரு பங்கு டீசலுக்கு 14.5 பங்கு. உள்ளே போன காற்று இந்தத் தேவையைப் போல எத்தனை மடங்கு என்பதை லாம்டா என்கிறார்கள். ஐடிலில் லாம்டா 3, 4 என்று இருக்கும், மேடேறும்போது 1.2 வரை இறங்கும். அதற்குக் கீழே விட்டால் கரிப்புகை. எவ்வளவு டீசல் தெளிப்பது என்பதைக் கம்ப்யூட்டர் முன்கூட்டியே பதிந்த அட்டவணைகளையும் காற்றின் எடையை அளக்கும் எம்ஏஎஃப் சென்சாரையும் வைத்து முடிவு செய்கிறது. ஆக்சிஜன் சென்சார் பின்னால் நின்று அந்தக் கணக்கைத் தணிக்கை செய்கிறது, அவ்வளவுதான். தணிக்கையாளர் விடுப்பில் போனால் அலுவலகம் மூடிவிடாது.

அப்படியானால் அது எதற்கு? நைட்ரஜன் ஆக்சைடுகளுக்காக. எரிப்பின் வெப்பம் கூடினால் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து அந்த நச்சு வாயுக்கள் உண்டாகும். வெப்பத்தைக் குறைக்க, வெளியேறிய புகையில் ஒரு பகுதியை மறுபடி உள்ளே அனுப்புகிறது இஜிஆர் வால்வு. அதிகம் அனுப்பினால் கரி, குறைத்தால் நச்சு. இந்த இரண்டுக்கும் நடுவிலிருக்கும் சந்து ஆண்டுக்கு ஆண்டு குறுகி வந்திருக்கிறது. இந்தியாவில் டீசல் கார்களின் நைட்ரஜன் ஆக்சைடுக்கு பிஎஸ்4 மாசு விதி அனுமதித்தது கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராம்; 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ்6 அனுமதிப்பது 80. (அந்த வரம்பை எட்டும் செலவு கட்டாது என்றுதான் மாருதி சுசுகி டீசல் கார்களையே கைவிட்டது.) இவ்வளவு குறுகலான சந்தில் அட்டவணையை மட்டும் நம்பி வண்டி ஓட்ட முடியாது. இன்ஜெக்டர் தேய்கிறது, எம்ஏஎஃப்பில் தூசி படிகிறது. கணக்கு எந்தப் பக்கம் நழுவுகிறது என்று சொல்ல, புகைக்குள்ளேயே ஒருவர் வேண்டும்.

அந்த ஒருவர் ஒரு பீங்கான் துண்டு. ஜெர்மன் வேதியியலர் வால்டர் நெர்ன்ஸ்ட் 1897 வாக்கில் புதுவகை மின்விளக்கு ஒன்றைச் செய்தார். அதன் ஒளிரும் குச்சி சிர்க்கோனியம் ஆக்சைடும் கொஞ்சம் இட்ரியம் ஆக்சைடும் கலந்தது. குளிர்ந்திருக்கும்போது அதில் மின்சாரம் பாயாது, சூடேற்றினால் பாயும். காரணத்தை 1943இல் கார்ல் வாக்னர் விளக்கினார். சிர்க்கோனியம் இருக்க வேண்டிய இடங்களில் இட்ரியம் உட்காரும்போது, இரண்டு இட்ரியத்துக்கு ஓர் ஆக்சிஜன் இடம் காலியாகிவிடுகிறது. சூட்டில் அணுக்கள் துடிக்கத் தொடங்கியதும் ஆக்சிஜன் அயனிகள் அந்தக் காலியிடங்களில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி நகர்கின்றன. வேறு எந்த வாயுவும் அந்த வழியில் போக முடியாது. பீங்கானின் ஒரு பக்கம் ஆக்சிஜன் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருந்தால், இரண்டு பக்கத்துக்கும் நடுவே ஒரு மின்னழுத்தம் தோன்றும். அது எவ்வளவு என்பதற்கான சூத்திரத்தையும் நெர்ன்ஸ்ட் தன் இளவயதிலேயே, 1889இல், எழுதி வைத்திருந்தார். கார் மோகம் பிடித்த அந்த மனிதருக்கு, தன் சூத்திரம் ஒருநாள் கோடிக்கணக்கான கார்களின் புகைக்குழாயில் போய் உட்காரும் என்று தெரிந்திருக்காது.

டீசலுக்கு இந்தச் சூத்திரம் நேரடியாக உதவாது. 780 டிகிரி செல்சியஸில் ஒரு பக்கம் 21 சதவீதக் காற்று, மறுபக்கம் 15 சதவீத ஆக்சிஜன் கொண்ட ஐடில் புகை என்றால் கிடைப்பது ஏழெட்டு மில்லிவோல்ட். மேடேறும் புகையில் 8 சதவீதம் என்றாலும் இருபது சொச்சம்தான். பெட்ரோல் காரில் லாம்டா 1-ஐத் தாண்டிக் கீழே இறங்கும்போது ஆக்சிஜன் பல கோடி கோடி மடங்கு குறைவதால் மின்னழுத்தம் சட்டென 0.1-லிருந்து 0.9 வோல்ட்டுக்குத் தாவும். டீசல் புகையில் அந்தத் தாவலே கிடையாது. பெட்ரோல் வண்டிகளில் கை பழகிய மெக்கானிக், டீசல் சென்சாரின் ஒயரில் மல்டிமீட்டரை வைத்து 0.1-க்கும் 0.9-க்கும் இடையிலான ஊசலாட்டத்தைத் தேடுவார். அது வராது. சென்சார் செத்துவிட்டது என்று எழுதிவிடுவார்.

டீசலில் இருப்பது வைட்பேண்ட் எனப்படும் வேறு வகை. பாஷ் 1994இல் தயாரிக்கத் தொடங்கியது. இதில் பீங்கானுக்குள் மயிரிழை அளவே இடைவெளி கொண்ட ஓர் அறை உண்டு. நுண்துளைகள் உள்ள ஒரு தடுப்பு வழியாகப் புகை அதற்குள் கசிகிறது. அறையின் ஒரு சுவர் நெர்ன்ஸ்ட் செல். உள்ளே ஆக்சிஜன் எவ்வளவு என்று அது பார்க்கிறது. இன்னொரு சுவர் பம்ப் செல். மின்னோட்டம் கொடுத்தால் ஆக்சிஜனை அறையிலிருந்து வெளியே தள்ளும். நெர்ன்ஸ்ட் செல்லில் எப்போதும் 450 மில்லிவோல்ட் நிற்கும்படி பம்ப்பை ஓட்டுவது கம்ப்யூட்டரின் வேலை. சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், அந்த 450-க்குப் பொருள் அறைக்குள் இருக்கும் ஆக்சிஜன் வெளிக்காற்றில் இருப்பதில் சுமார் 40 கோடியில் ஒரு பங்கு, அதாவது இல்லவே இல்லை என்பது. ஓட்டைத் தோணியில் தண்ணீர் ஏறாமல் ஒருவர் இறைத்துக்கொண்டே இருந்தால், அவர் இறைக்கும் வேகத்தை வைத்து ஓட்டை வழியே எவ்வளவு புகுகிறது என்று சொல்லிவிடலாம். இங்கே இறைக்கும் வேகம் மின்னோட்டம். பரவலாகப் புழங்கும் பாஷ் எல்எஸ்யு 4.9 சென்சாரில் வெறும் காற்றுக்கு அது சுமார் 2.5 மில்லிஆம்பியர், லாம்டா 1-க்குப் பூச்சியம்.

இந்த அமைப்பைப் புரிந்துகொண்டால் ஸ்கேனர் காட்டும் கோளாறு எண்கள் மூன்று குடும்பங்களாகப் பிரிந்துவிடும். ஹீட்டர் பற்றியவை (பி0030, பி0135 போன்றவை), ஒயர் அறுந்ததைச் சொல்பவை (பி2237, பி2243, பி2251), அளவு நம்பும்படி இல்லை என்பவை (பி2195 போன்றவை). முதல் இரண்டும் மின்சாரப் பிரச்சினைகள். அவற்றைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. ஃபியூஸைப் பாருங்கள். கப்ளரைக் கழற்றிப் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒயரை அதன் பாதை நெடுகிலும் தடவிப் பாருங்கள். நம் ஊரில் ஷெட்டில் நிற்கும் வண்டிக்கு எலிதான் முதல் சந்தேக நபர். எல்எஸ்யு 4.9-இல் சாம்பல் நிறமும் வெள்ளையும் ஹீட்டர் ஒயர்கள். குளிர்ந்த நிலையில் அவற்றுக்கிடையே 3 ஓம் அளவில் காட்ட வேண்டும். எல்லையின்மை காட்டினால் ஹீட்டர் அறுந்துவிட்டது, சென்சாரை மாற்றத்தான் வேண்டும். "ஹீட்டர் வேலை செய்யுதான்னு பாக்கறேன்" என்று பேட்டரியின் 12 வோல்ட்டை நேரே கொடுத்துவிடக் கூடாது. கம்ப்யூட்டர் அதைத் துண்டு துண்டாக, அளந்துதான் கொடுக்கும். முழுசாகக் கொடுத்தால் பீங்கான் விரிசல் விடும்.

இதே விரிசல் பயத்தால்தான் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தவுடன் சென்சார் எதுவும் காட்டாது. புகைக்குழாயில் தேங்கிய ஈரம் ஒரு துளி 780 டிகிரியில் இருக்கும் பீங்கான்மேல் தெறித்தால் போதும். அதனால் குழாய் காய்ந்துவிட்டது என்று கணக்குப் போட்டு உறுதியாகும்வரை கம்ப்யூட்டர் முழுச் சூட்டைக் கொடுக்காது. பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் மட்டும் போய்வரும் கார் அந்த நிலையை எட்டாமலேயே அணைக்கப்படலாம். அதைக் கோளாறு என்று எழுதுவது அவசரம்.

மூன்றாவது குடும்பம்தான் சுவாரசியமானது. 'நம்பும்படி இல்லை' என்று யார் சொல்கிறார்கள்? கம்ப்யூட்டர். எதை வைத்து? தன் கணக்கை வைத்து. ஆக அந்த எண்ணுக்குப் பொருள், கணக்கும் அளவும் ஒத்துப்போகவில்லை என்பதுதான். தப்பு எந்தப் பக்கம் என்று அது சொல்லவில்லை.

அந்தக் கணக்கை நாமும் போடலாம். ஸ்கேனரின் நேரடித் தரவில் ஒரு ஸ்ட்ரோக்குக்கு எத்தனை மில்லிகிராம் காற்று, எத்தனை மில்லிகிராம் டீசல் என்பதைப் பல வண்டிகள் காட்டும். மேட்டில் ஏறும்போது காற்று 500, டீசல் 20 என்று வைத்துக்கொள்வோம். 500-ஐ 20-ஆல் வகுத்தால் 25, அதை 14.5-ஆல் வகுத்தால் 1.72. சென்சாரும் 1.7 சொன்னால் சண்டை இல்லை. 1.35 என்கிறதா? சென்சார் உண்மை பேசுகிறது என்று ஒரு நிமிடம் நம்புவோம். எஞ்சினுக்குள் 20 மில்லிகிராம் டீசலோடு சேர்ந்தது 500 அல்ல, 391 மில்லிகிராம் காற்றுதான். மீதி 109 வழியில் எங்கோ போய்விட்டது. எம்ஏஎஃப் அளந்த காற்று, டர்போவைத் தாண்டி எஞ்சினுக்குப் போவதற்குள் கிழிந்த ஹோஸ் வழியாகவோ இன்டர்கூலரின் விரிசல் வழியாகவோ வெளியேறுகிறது. அல்லது காற்று சரி, டீசல்தான் 20-க்குப் பதில் 25.5 விழுகிறது: இன்ஜெக்டர் ஒழுகுகிறது.

இரண்டில் எது என்பதை ஐடிலில் பிரித்துவிடலாம். ஐடிலில் டர்போ அழுத்தம் ஏறக்குறைய இல்லை; கிழிந்த ஹோஸிலிருந்து காற்றைத் தள்ள ஆளில்லை. எனவே ஹோஸ்தான் குற்றவாளி என்றால் ஐடிலில் கணக்கும் அளவும் மறுபடி ஒத்துப்போகும். இன்ஜெக்டர் ஒழுகினால் நேர்மாறு: காற்று 300, டீசல் 6 என்ற நிலையில் கணக்கு 3.45 சொல்லும், 2 மில்லிகிராம் கூடுதலாகச் சொட்டினாலே உண்மை லாம்டா 2.6-க்கு இறங்கிவிடும். பிளவு ஐடிலில்தான் பெரிதாகத் தெரியும். எம்ஏஎஃப்பில் அழுக்குப் படிந்து காற்றைக் குறைத்துச் சொன்னால் பிளவு எதிர்ப்பக்கம் திரும்பும், சென்சாரின் லாம்டா கணக்கைவிட மேலே நிற்கும். இஜிஆர் வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டால் கரும்புகை வரும், ஆனால் பிளவு வராது: புதுக்காற்று குறைந்ததை எம்ஏஎஃப்பும் சொல்லும், சென்சாரும் சொல்லும்.

இதெல்லாம் சென்சாரை நம்பினால். நம்பலாமா என்று எப்படித் தெரியும்? எந்த அளவுகோலையும் சோதிக்க, விடை முன்பே தெரிந்த ஒரு பொருள் வேண்டும். ஆய்வுக்கூடத்தில் அதற்காகச் சான்றளித்த வாயு சிலிண்டர்களை விலைக்கு வாங்குவார்கள். நமக்கு அது தேவையில்லை. காற்றில் ஆக்சிஜன் 20.95 சதவீதம் என்பது சேலத்திலும் ஸ்டுட்கார்ட்டிலும் ஒன்றுதான். டீசல் எஞ்சினைக் கொஞ்ச நேரம் வெறும் காற்றுப் பம்ப்பாக மாற்ற முடிந்தால் போதும்.

மாற்றுவது எளிது. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் எதிலாவது ஒன்றுக்கு மேலே இருந்து, இரண்டாம் கியரிலோ மூன்றாம் கியரிலோ ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்குங்கள். மலை இல்லாவிட்டால் ஆள் நடமாட்டமில்லாத நாற்கர சாலையிலும் முடியும். இறக்கத்தில் கூடுதல் நேரம் கிடைக்கும் என்பதுதான் லாபம். சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்றும்போது கம்ப்யூட்டர் டீசலை முழுதாக நிறுத்திவிடும். சில நொடிகளில் குழாயில் இருந்த புகை போய், காற்று வரும். ஸ்கேனரை ஓட்டுபவர் பார்க்கக் கூடாது; பக்கத்து இருக்கையில் ஒருவர் வேண்டும். அவர் பார்க்க வேண்டியது லாம்டாவை அல்ல, ஏனென்றால் டீசலே இல்லாதபோது லாம்டா என்பது அர்த்தமற்ற பெரிய எண். ஆக்சிஜன் சதவீதத்தைப் பார்க்க வேண்டும்.

அது 21-க்கு அருகில் போய் நின்றால் சென்சார் நல்ல சென்சார். கோளாறை வேறெங்காவது தேடுங்கள். சரியாக 20.95 என்று எதிர்பார்க்க வேண்டாம். ஐப்பசி மாதச் சென்னையில் 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் இருந்தால், நீராவி காற்றில் மூன்றரை சதவீத இடத்தைப் பிடித்துக்கொண்டு ஆக்சிஜனை 20.2-க்கு இறக்கிவிடும். அது சென்சாரின் பிழையல்ல, வடகிழக்குப் பருவமழையின் கைவரிசை. 20-க்கும் 22-க்கும் இடையில் நின்றால் நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். 18-இலோ 24-இலோ நின்றால் சென்சார் கோணிப்போயிருக்கிறது. ஊட்டியில் சோதித்தால் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: 2,200 மீட்டர் உயரத்தில் சதவீதம் மாறாவிட்டாலும் காற்றழுத்தம் முக்கால்வாசிதான். சென்சாரின் மின்னோட்டம் அழுத்தத்தையும் ஓரளவு சார்ந்தது. கம்ப்யூட்டர் தன் காற்றழுத்தமானியை வைத்து அதைத் திருத்துகிறது. அந்த மானி பொய் சொன்னால் இந்த எண்ணும் பொய் சொல்லும்.

எண் எங்கே நிற்கிறது என்பதோடு, எவ்வளவு வேகமாகப் போனது என்றும் பாருங்கள். இறுதியில் 21-ஐத் தொட்டாலும் ஊர்ந்து ஊர்ந்து போய்த் தொட்டால், சென்சாரின் உலோகக் கவசத் துளைகளில் கரி அடைத்திருக்கிறது. மெதுவான சென்சார் சீரான வேகத்தில் சரியாகச் சொல்லும். ஓவர்டேக் செய்யும் அந்த ஓரிரு நொடியில், கரி அதிகம் பிறக்கும் அந்த நேரத்தில், பழைய செய்தியைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

கரி அடைத்தால் கழுவலாமா? பெட்ரோலிலும் அமிலத்திலும் ஊறவைக்கும் வித்தைகள் நிறையப் புழங்குகின்றன. எதையும் நான் பரிந்துரைக்கவில்லை. வெறும் கரி 600 டிகிரிப் பக்கம் தானே எரிந்துவிடக்கூடியது. நெடுஞ்சாலையில் நல்ல சுமையோடு ஒரு நீண்ட ஓட்டம் அதற்குப் போதும், அல்லது போதாது; முயன்று பார்ப்பதில் நட்டமில்லை. எரியாமல் மிஞ்சுவது எஞ்சின் ஆயிலின் துத்தநாகமும் பாஸ்பரஸும் நுண்துளைத் தடுப்பின்மேல் கண்ணாடிப் பூச்சுபோலப் படிந்த சாம்பல். அதைக் கரைக்கும் திரவம் பிளாட்டினம் மின்முனைகளையும் விட்டுவைக்காது. எஞ்சின் வேலை பார்த்தபோது கண்டபடி பூசிய சிலிக்கோன் பசையின் ஆவியும் இதே கேட்டைச் செய்யும்.

ஒயரை மட்டும் ரிப்பேர் செய்யலாம், அதுவும் வண்டிப் பக்கத்து ஒயரை. கப்ளருக்கு அப்பால், சென்சாரோடு பிறந்த ஒயரை வெட்டி ஒட்டக் கூடாது. காரணம் கப்ளருக்குள் ஒளிந்திருக்கிறது. நுண்துளைத் தடுப்பு ஒவ்வொரு சென்சாரிலும் மிகச் சிறிதளவு வேறுபடும். தொழிற்சாலையில் ஒவ்வொன்றையும் அளந்து, அந்த வேறுபாட்டுக்கு ஏற்றபடி லேசரால் செதுக்கிய ஒரு சிறு ரெசிஸ்டரைக் கப்ளருக்குள் வைத்துவிடுகிறார்கள். ஐந்து ஒயர் போகும் கப்ளரில் ஆறு பின் இருப்பது அதனால்தான். பழைய கப்ளரை வெட்டிப் புதுச் சென்சாரில் ஒட்டினால், ஒருவருடைய கண்ணாடியை இன்னொருவர் போட்டுக்கொண்ட கதை.

கழற்றும்போது குழாய் கைபொறுக்கும் சூட்டில் இருந்தால் மரை இளகிக் கொடுக்கும். ஒயர் வெளியே வர வெட்டு விட்ட 22 மில்லிமீட்டர் சாக்கெட் தேவை; இம்பாக்ட் கன் வேண்டாம். புதுசின் மரையில் மட்டும் சூடு தாங்கும் கிரீஸ், முனையில் ஒரு பொட்டுக்கூடப் படக்கூடாது. முறுக்கம் 40 முதல் 60 நியூட்டன் மீட்டர். கைதவறிக் கீழே விழுந்த சென்சாரைத் துடைத்து மாட்டாதீர்கள். கப்ளரைச் செருகாமல் வண்டியை நகர்த்தவும் வேண்டாம்: சூடில்லாத பீங்கான் முதல் ஓட்டத்திலேயே கரியைக் குடித்துவிடும்.

பிறகு, பெரும்பாலோர் மறக்கும் ஒன்று. பழைய சென்சார் சொன்ன தவறான அளவை நம்பிக் கம்ப்யூட்டர் மாதக்கணக்கில் தன் டீசல் கணக்கைத் திருத்திக்கொண்டே வந்திருக்கும். கற்றுக்கொண்ட அந்தத் திருத்தங்களை ஸ்கேனர் வழியே அழிக்காவிட்டால், சரியான சென்சாருக்கும் தவறான கணக்குக்கும் சண்டை தொடரும். புதுச் சென்சாரும் மோசம் என்ற பெயர் வரும். அழித்துவிட்டு, அதே இறக்கத்தில் அதே கியரில் மறுபடி ஒருமுறை இறங்கிப் பாருங்கள். பழையது காட்டிய எண்ணையே புதியதும் காட்டினால் பழையதைத் தூக்கி எறிய வேண்டாம், அதில் ஒன்றும் கெடவில்லை. கடைசியாக ஒன்று: இன்றைய டீசல் கார்கள் சிலவற்றில் தனி ஆக்சிஜன் சென்சாரே இருக்காது. நைட்ரஜன் ஆக்சைடு சென்சார் தன் வேலைக்காக முதலில் ஆக்சிஜனை இறைத்து வெளியேற்ற வேண்டியிருப்பதால், அந்த மின்னோட்டத்தையே கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்கிறது. அங்கேயும் இந்த இறக்கச் சோதனை அப்படியே செல்லும்.